ஆறாவது நட்டு

"எட்டு நட்டும் முடுக்கற வரைக்கும் கையை எடுக்காதே. வெச்ச கை வெச்சபடியே இருக்கணும்," என்றார் கணவர், லாரிக்குள்ளிருந்து.

அவள் லாரியின் முகத்துக்கு நேரே நின்று, புதுக் குரோம் பட்டையை இரு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். பட்டையின் முதுகிலிருந்த எட்டுத் திருகுகளும் தகட்டின் துளைகள் வழியே உள்ளே நீண்டிருந்தன. அவர் சீட்டில் மல்லாந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, நட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி உயரத்தில் இருந்தது. எம்பினாலும் கூரைதான் தெரிந்தது.

முந்தின நாள்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்கு இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கும்மா. எப்ப வேணா நிக்கலாம். மாடிப்படிகூட ஏற விடாதீங்க." வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே கொட்டகைக்குப் போனார். தான் முதன்முதலில் ஓட்டிய லாரியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வந்து நாலு வருஷம். எல்லாம் முடிந்து இந்தப் பட்டை மட்டும்தான் பாக்கி. அவள் வேண்டாமென்று தடுத்தால் தனியாகத் தூக்குவார். அதனால்தான் அவள் பிடிக்க வந்தாள்.

ஒவ்வொரு நட்டும் இறுகும்போது பட்டை மெல்ல உள்ளே இழுபட்டது. அந்த இழுப்பு அவள் கையில் தெரிந்தது. மூன்றாவதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"ஏங்க."

பட்டையை விடாமல் குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"வாயில நட்டு வெச்சிருந்தேன்டி. போறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போவேன். ஒழுங்காப் பிடி."

சிரிப்பு வந்தது. நான்கு. ஐந்து. ஆறாவது நட்டு பாதி இறுகியது. ஸ்பேனர் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது.

அவள் காத்திருந்தாள். சுற்றிப்போய்க் கதவைத் திறந்தால் போதும். பத்தடிகூட இல்லை. கூப்பிடவும் பயமாக இருந்தது. பதில் வராவிட்டால் போய்ப் பார்த்தாக வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்கும்வரை வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. தோள்பட்டை கடுத்து, விரல்கள் மரத்தன. இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"என்னக்கா, முடிஞ்சுதா?" பெயின்டர் சின்ன டப்பாவும் பிரஷுமாக வந்தார். "கீறல் விழுந்தா தொட்டுவிட வரச்சொன்னாரு அண்ணன். எங்க அவரு?"

"உள்ள. நட்டு முடுக்கறாரு." பட்டையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே," என்றபடி பெயின்டர் படியில் ஏறி, பக்கத்துக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மறுபடி கூப்பிடவில்லை. கதவைத் திறந்து, கையை உள்ளே நீட்டித் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து டப்பாவைத் தரையில் வைத்தார்.

"எவ்வளவு நேரமாப் பிடிச்சிருக்கீங்க?"

"எட்டும் முடுக்கலை. விட்டா கோணிடும்."

"கோணாதுக்கா. நான் பிடிச்சுக்கறேன். நீங்க போங்க."

அவள் கைகளை ஒட்டித் தன் கைகளை வைத்தார். அவள் ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதை.

கைப்பிடியைப் பற்றிப் படியேறினாள். மல்லாந்து கிடந்ததில் அவர் சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. அதை இழுத்து இடுப்புவரை மூடினாள். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்றாள், வெளியே நின்றவரிடம்.