மூன்றாவது முடிச்சுக்கு எங்கே நிற்பது

“அந்தப் பொண்ணோட மூக்குத்தி மினுக்க அழிச்சிராத” என்று சொல்லிக்கொண்டே ஜெகதீஸ்வரன் கேமராப் பையைத் தோளில் மாட்டினார். தங்கலட்சுமி கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவில்லை. “பாதி மூஞ்சிக்கு வெள்ளையா அடிக்குது. கொஞ்சமாச்சும் கொறைக்கேன்.”

“கொறை. அழிக்காத.”

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. திருச்சுழிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனவர், நெஞ்சு என்னவோ செய்கிறதென்று வழியில் வண்டியை ஓரங்கட்டி ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பை மடியிலேயே இருந்தது என்று அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

அருப்புக்கோட்டையில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்திய ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர், ஆல்பம் செய்வது அவள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ நூறு கல்யாணங்களைத் திரையில் பார்த்திருக்கிறாள். ஒன்றில்கூட கேமராவைத் தொட்டதில்லை.

காரியங்கள் முடிந்து கடையைத் திறந்தாள். லோனுக்கும் பஸ் பாஸுக்கும் படம் வேண்டி வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தாள். கேமராவைக் கண்டதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்குகிறார்கள் என்பது இரண்டாம் நாளே புலப்பட்டது. “மூச்ச விடுங்க” என்று சொல்லி, விட்டு முடிக்கிற நேரத்தில் அழுத்தினால் கழுத்து இருக்கிற இடத்துக்கு வந்துவிடும். வெளிச்சம் படிப்பதற்கு மணிக்கணக்கில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. உரித்த தேங்காய் ஒன்றை, கண் மூன்றும் முன்னால் பார்க்க, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தாள். மணிக்கு ஒருதரம் ஏறிப் போய்ப் படம் எடுத்தாள். காலை எட்டு மணிக்கு மூன்று கண்ணும் தெளிவாகத் தெரிந்தன. உச்சி வெயிலில் மூன்றும் கறுப்புக் குழி. எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்ததும் குழிக்குள் வெளிச்சம் ஏறியது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த கனகலட்சுமி எட்டிப் பார்த்தாள். “ஏத்தா, தேங்காய் சடங்காயிருச்சா? இத்தன போட்டோ எடுக்குற!”

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஜெகதீஸ்வரன் எடுத்த படங்களில் தாலி இன்னும் கழுத்தைத் தொட்டிருக்காது. மாப்பிள்ளையின் இரண்டு கைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். அரிசி ஒன்றுகூடப் பறந்திருக்காது. மற்றவர்கள் எடுத்த படங்களில் அந்த நேரத்தில் முதுகும் அட்சதையும்தான் இருக்கும். இவருக்கு மட்டும் எப்படி வாய்த்தது? ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, கல்யாணம் கல்யாணமாக, தாலிக்கு முந்திய படங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் தாலிக்கு ஒரு படம் முன்னால் தவில்காரரின் கை இருந்தது. குச்சி பிடித்த கை மட்டும். ஆல்பம் செய்யும்போதெல்லாம் வேஸ்ட் என்று அவள் தள்ளிவிட்ட படம். கறுத்த கை, பின்னால் வெள்ளை வேட்டி. வெளிச்சம் பார்க்க எடுத்திருப்பாரோ? வெளிச்சம் பார்க்கவென்றால் காலையிலேயே பார்த்திருக்கலாமே. யோசித்து யோசித்து விட்டுவிட்டாள்.

அவர் இருக்கும்போதே பேசி முடித்த கல்யாணம் ஒன்று மிச்சம் இருந்தது. பெண்ணின் அப்பா நல்லமுத்து, பந்தல்குடிப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். போன் செய்தார். “தாயி, ஒங்களுக்கே குடுக்கணும்னுதான் நெனைக்கேன். ஆனா தாலிப் படம் விழுகலைன்னா சம்பந்தகாரவுக என்னையத் தின்னுருவாக. வெளிய தெரிஞ்சா ஒங்களையும் ஒருத்தரும் கூப்பிட மாட்டாக.”

அது அவளுக்கும் தெரியும். இந்த ஒரு படம் தவறினால், இனி ஸ்டூல்தான்.

வெள்ளிக்கிழமை காலை பந்தலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே எல்லோர் முகமும் நீலம் பூத்திருந்தது. அவள் கேமராவில் நிறத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா முத்துத்தாய் அவளுடைய வெறும் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். நல்லமுத்துவிடம் சொல்கிற மாதிரி, அவள் காதில் விழச் சொன்னார்: “இவுகளா மணவறைக்கு முன்னால நிப்பாக?”

நல்லமுத்து வேட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

“யக்கா, எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்றாள் தங்கலட்சுமி.

“அந்தக் கம்புக்குப் பின்னால நில்லு தாயி. தப்பா எடுத்துக்கிராத. நல்ல காரியம்.”

பந்தல்காலுக்குப் பின்னால் போய் நின்று, கேமரா வழியாகப் பார்த்தாள். “மாப்பிள்ளை தெரியுறாரு. மூணாவது முடிச்சுப் போடுற ஒங்க மக முதுகுதான் விழும். பரவாயில்லையா யக்கா?”

“முதுகா?”

“பொண்ணுக்குப் பின்னால குனிஞ்சுல்ல போடுவாக. முன்னால, தரையில உக்காந்து எடுத்தாத்தான் மூஞ்சி விழும்.”

காரியம் சாதிக்க அவள் அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் நாத்தனார்களின் முதுகைத் திரையில் பார்த்தவள், தெரிந்ததைச் சொன்னாள். முத்துத்தாய் திரும்பி மகள் ப்ரியாவைப் பார்த்தார். மயில் நிறப் பட்டு. விருதுநகரிலிருந்து ஆள் வந்து விடியக்காலையில் போட்ட மேக்கப். வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

பத்தரைக்கு ராகு காலம். பெண் கூறைப்புடவை மாற்றி வர நேரமாகிவிட்டது. தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி வந்தது. தங்கலட்சுமிக்கு மணவறை பாதிதான் தெரிந்தது; தவில்காரர் முழுசாகத் தெரிந்தார். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தாலி எடுத்துக் கொடுக்கப் போகும் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி பிடித்த கை மெல்ல மேலே போய் நின்றது. அடி விழவில்லை. கெட்டிமேளம் என்று இன்னும் ஒருவரும் கத்தவில்லை.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. மேளம் கேட்டுத்தான் கூட்டம் எழுகிறது, அரிசி பறக்கிறது. கை அதற்கும் முன்னால் எழுகிறது. அந்த இடைவெளி போதும் ஜெகதீஸ்வரனுக்கு.

ஒரு எட்டு வைப்பதற்குள் யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“ஏத்தா, அங்க என்ன கம்பக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு! வா முன்னால!” முத்துத்தாய்தான். “ஏலே, ஒதுங்குங்கலே! போட்டோ எடுக்கணும்!”

காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் இரண்டு கைக்கும் நடுவில் தாலி தொங்கியது. அழுத்தினாள். மேளம் முழங்கியது, தலையிலும் கேமராவிலும் அரிசி கொட்டியது. துடைக்காமல் காத்திருந்தாள். பெண்ணின் தோளுக்கு மேலே ப்ரியாவின் முகம், நாக்கு நுனியைக் கடித்தபடி, மூன்றாவது முடிச்சில் இருந்தது. அழுத்தினாள்.

அட்சதை போடாதவர்களுக்குத் தட்டு இன்னொரு சுற்று வந்தது. அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னாலேயே முத்துத்தாய் வந்தார். “காட்டு, பாப்போம்.”

கேமராவின் சின்னத் திரையில் தாலியைப் பார்த்துத் தலையாட்டினார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ப்ரியா குனிந்து பார்த்தாள். “எம்மா, அடியில மணி போட்டிருக்கு. பத்து முப்பத்தி நாலு.”

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“ராகு காலத்துலயா கட்டுனோம்?” முத்துத்தாயின் பார்வை திரையை விட்டுத் தங்கலட்சுமியின் நெற்றிக்கு வந்தது.

“யக்கா, இந்தக் கேமராவுல மணி முந்தி ஓடும். அவுக இருக்கும்போதே அப்பிடித்தான்.”

“அத நீ சொல்ற.”

தங்கலட்சுமி நல்லமுத்துவின் செல்போனை மணி தெரிய நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்தாள். எடுத்ததை நீட்டினாள். படத்துக்குள் செல்போனில் 10:31. படத்துக்கு அடியில் 10:40.

நல்லமுத்து விரல்விட்டு எண்ணினார். “ஒம்பது நிமிசம்! அப்ப தாலி கட்டுனது பத்து இருபத்தஞ்சு. நல்ல நேரம் அஞ்சு நிமிசம் கெடக்கயிலயே கட்டியாச்சு!”

“நெசமாவா?”

“என் செல்லு எதுக்குச் சம்பந்தி பொய் சொல்லப்போகுது?”

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஆத்தாடி, தப்பிச்சோம்.” பிறகு, “ப்ரியாவ இன்னொருக்கா காட்டு” என்றார். பார்த்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆடி கழிச்சு எங்க கொழுந்தன் வீட்டுல ஒரு கல்யாணம் இருக்கு. நீயே வந்துரு. அதுக்குள்ள அந்த மணியச் சரிபண்ணிரு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

வீட்டுக்கு வந்து படங்களை இறக்கினாள். மணியைத் திருத்துகிற பக்கத்தையும் கேமராவில் திறந்து பார்த்தாள். பத்து இல்லை, ஐந்து இல்லை, ஏன் ஒன்பது? நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்காக வைத்தாரா, வாங்கின அன்றைக்குத் தப்பாக வைத்து அப்படியே விட்டுவிட்டாரா? அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் போய் எடுத்துவிட்டாள். கேமராவின் கடிகாரம் இன்றைக்கும் ஒன்பது நிமிஷம் முந்தித்தான் ஓடுகிறது.