உப்பு விளையாத பாத்தி

ஞானையா சாருக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று மகள் ஜெயஷீலா முடிவு கட்டியதற்குக் காரணம், அவர் எதையும் மறந்துபோனது அல்ல. இல்லாத ஒன்றை அவர் ஞாபகம் வைத்திருந்ததுதான்.

"தூத்துக்குடியில பைக் ரேஸ் ஸ்டேடியமாப்பா? நானும் அந்த ஊர்லதானே வளந்தேன்?" சென்னையிலிருந்து போனில் அழாக்குறையாகக் கேட்டாள். "நெட்ல எல்லாம் தேடிட்டேன். ஒண்ணும் இல்ல. ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருவோம்பா. சும்மா நாலு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான்."

"நான் வரல."

"ஏன் வரல?"

பயமாக இருக்கிறது என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மனைவி அற்புதமணி இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கல்யாணமான புதிதில் அந்த ஸ்டேடியத்தின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் பந்தயம் பார்த்தவள் அவள். "நீங்க பிரேக் இல்லாம ஓட்டுனிய, நான் மூச்சு இல்லாம இருந்தேன்" என்று தனியாக இருக்கும்போது அவரிடம் சொல்லிச் சிரிப்பாள். போன வருஷம் அவளை நாசரேத்துக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார். ஆமாம் என்று சொல்ல அதன் பிறகு ஆளில்லை. கூட ஓட்டிய டேவிட்சனும் ஜாய்சனும் முன்பே போய்விட்டார்கள். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் புதுத் துறைமுகம் கட்ட வந்த வெளியூர்க்காரர்கள். வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போட்டோக்கள் இருந்தன. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது ஆல்பம் கூழாகிப் போயிற்று.

கோயிலில் ஆராதனை முடிந்து நிற்கும்போது ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், பிரேக் கழற்றிய ஜாவா வண்டியில், இடது காலில் இரும்பு லாடம் கட்டிக்கொண்டு, மண் தடத்தில் சறுக்கிச் சறுக்கி வளைந்தார் என்றால் யார் நம்புவார்கள்? துறைமுகத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர்தான் சொல்லிக்கொடுத்தார், அவர்கள் நாட்டில் இதற்கு ஸ்பீட்வே என்று பேர் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"அப்படியே முயல் தீவுல பிளேன் ஓட்டுன கதையையும் சொல்லிருங்க, சார்" என்றார் பக்கத்தில் நின்ற பவுல். எல்லோரும் சிரித்தார்கள். ஞானையாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து முழங்கால்படியிட்டபோதுதான் சிரிப்பு நின்றது. "ஆண்டவரே, அது இருந்துச்சா? இல்லன்னா இல்லன்னு சொல்லிரும். நான் தாங்கிக்கிடுவேன்" என்று கேட்டார்.

மறுநாள் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தார். துறைமுகச் சாலையில், பந்தயம் நடந்த முத்து ஸ்டேடியம் இருந்ததாக அவர் நினைத்த இடத்தில், கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்தை மறைத்து நின்றன. தடம் எங்கே, கொட்டகை எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கேட்டுக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அவர் நடந்ததைக் காவலாளி செந்தில்முருகன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணாச்சி, யாரத் தேடுதிய?"

"யாரையும் இல்ல தம்பி. ஒரு இடத்த."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. "உள்ள விட்டா என் வேலை போயிரும். ஆனா இந்த வெயில்ல நீங்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா வழியிலேயே விழுந்துருவிய. இங்கன இரிங்க" என்று தன் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டான். "எங்கம்மா சோறு கொண்டு வாரா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, சாப்பாட்டுக்கு ஒருவர் கூப்பிடும் குரலே அவருக்கு மறந்துபோயிருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா சுடலைமாடத்தி தூக்குவாளியோடு வந்தாள். அறுபதைத் தாண்டியவள். பாதம் வெடித்திருந்ததால் பார்த்துப் பார்த்து அடி வைத்து நடந்தாள். யார் என்ன என்று கேட்குமுன்பே வாளி மூடியில் சோற்றை அள்ளி வைத்து, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றி, கருவாட்டுத் துண்டு ஒன்றையும் போட்டு நீட்டினாள். ஞானையா கண்ணை மூடி ஜெபித்தார். அவர் முடிக்கும்வரை செந்தில்முருகனும் கையைச் சோற்றில் வைக்காமல் காத்திருந்தான்.

"எம்மா, இங்க முன்னால பைக் ரேஸ் ஓடுச்சாம். பிரேக்கே கிடையாதாம்."

"பிரேக் இல்லாம எந்தக் கிறுக்கன்லே ஓட்டுவான்?"

"இந்தா, இவுகதான்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சிக்கிடுங்கய்யா. நான் இங்கன ஒரு ரேஸும் பாக்கல. கேள்விப்பட்டதும் இல்ல."

ஞானையா கையில் எடுத்த சோற்றை மூடியிலேயே வைத்தார். பேச்சைப் பார்த்தால் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வாழ்ந்தவள். அவளுக்கும் தெரியாது என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டியதுதான். மீதியை வீணாக்கக்கூடாதே என்று மெதுவாகத் தின்று முடித்தார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவள் தானாகவே சொன்னாள். "ரேஸு தெரியாது. ஆனா இந்த இடம் தெரியும். கொமரியா இருக்கையில இங்கன பாத்தி மிதிச்சிருக்கேன். கிறுக்குப் பாத்தி."

உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சுமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கல்லாக்க வேண்டும். அதற்கென்றே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஞானையாவுக்கும் அது தெரிந்ததுதான்.

"கிறுக்குப் பாத்தின்னா?"

"பாத்தின்னா சதுரமா இருக்கணும், இல்லையா? இது முட்டை மாதிரி வளையம். நடுவுல காலே வைக்கக்கூடாதுன்னுட்டாக. சுத்திவர ரோடு மாதிரி மிதிக்கச் சொன்னாக. உப்பு வாரினப் பொறவு மிஞ்சுமே கசப்புத் தண்ணி, அதத் தெளிச்சித் தெளிச்சி மிதிச்சோம். அது என்னன்னா, வளைவு வந்த எடத்துல வெளிப்பக்கத்த ஒசத்தணுமாம், உள்பக்கம் தாழணுமாம். எங்காத்தா கங்காணிட்டயே சண்டைக்குப் போனா. 'ஏலே, இப்படி இருந்தா இதுல தண்ணி எப்படி நிக்கும்'னு. 'சொன்னதச் செய்யி'ன்னான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தா வேற அளத்துக்கு அனுப்பிட்டாக. காலெல்லாம் புண்ணானதுதான் மிச்சம். ஒரு கல் உப்பு விளையல."

ஞானையா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வளைவில் தடத்தின் வெளிக்கரை உயர்ந்திருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"ஏம்மா," என்றார். "அது உப்புக்கு இல்லம்மா. எங்களுக்கு. பொங்கலுக்கு மறுநாள் அதுலதான் ஓட்டுனோம். அந்தக் கசப்புத் தண்ணி தெளிச்சதால புழுதி எந்திரிக்கல. வெளிக்கரைய நீங்க ஒசத்தலன்னா வளைவுல நாங்க வேலியத் தாண்டிப் போய் விழுந்திருப்போம்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். வெடித்த தன் பாதங்களைப் பார்த்தாள்.

"அப்போ வீணாப் போகலையா?"

"இல்லம்மா. நான் உயிரோட இருக்கேன்ல?"

"எம்மா, நீ ஸ்டேடியம் கட்டிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றான் மகன்.

"போலே அங்கிட்டு. எனக்கே இப்பத்தான தெரியுது."

ஞானையா ஜெயஷீலாவைக் கூப்பிட்டு, விவரம் சொல்லி, போனைச் சுடலைமாடத்தியிடம் கொடுத்தார். அவள் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, முட்டை வளையத்தையும் வெளிக்கரையையும் கத்திச் சொன்னாள். "ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லளா. நல்லாச் சாப்பிட்டாக" என்று முடித்தாள்.

போன் திரும்பி வந்தது. "அப்பா," ஜெயஷீலா தயங்கினாள். "அவங்க உப்பளத்தப் பத்தியில்ல சொல்லுதாங்க? ரேஸ் பாக்கலன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா தாயி, பாக்கல." அவருக்குக் கோபம் வரவில்லை. "நீ டாக்டர்ட்ட நேரம் கேளு. நான் வாரேன்."

"நெசமாவா? இத்தன நாளா மாட்டேன்னிய?"

"இப்போ பயம் இல்ல. நாலு என்ன, நாப்பது கேள்வி கேக்கட்டும்."

மகள் அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. "டிக்கெட் போடுதேன்பா" என்றாள்.

கேட்டுக்குள் ஒரு லாரி திரும்பியது. செந்தில்முருகன் எழுந்து ஓடினான். கன்டெய்னர் நிழல் சாலைவரை நீண்டுவிட்டது. வீட்டில் கதவைத் திறந்ததும் இதைச் சொல்ல அற்புதமணி இருக்கமாட்டாள் என்ற நினைப்பில் ஞானையாவுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

சுடலைமாடத்தியும் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றாள்.

"ஐயா, ரொம்பப் பேரு பாக்க வந்தாகளா?"

"கொட்டகை நிறைய."

"கைதட்டுனாகளா?"

"தட்டத்தான் செஞ்சிருப்பாக. வண்டிச் சத்தத்துல எங்க காதுக்குக் கேக்கல, தாயி."

அவள் அவருக்கு எதிரே, மண்ணைத் தட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "சரி, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.