நடுக்கோட்டை அழித்தவன்

அக்காவின் கடை பதினோரு வருடமாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சாலையின் நடுதான் நகர்ந்தது. அதைச் சொல்ல வேண்டியவன் நான். ஆறு வாரம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெருஞ்சாலை ஓரம் கட்டடம் கட்டினால் சாலையின் நடுக்கோட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்பது விதி. லாரி சீட் தைக்கும் கடையை அக்கா இருபது மீட்டர் நாற்பதில் கட்டினாள். அந்த நாற்பது சென்டிமீட்டர் அவளுடைய வீம்பு. "நாளைக்கு ஒருத்தன் வந்து வாய் பேசக் கூடாதுடா" என்றாள்.

போன வருடம் சாலையைப் பத்து மீட்டர் அகலப்படுத்தினார்கள். பக்கத்துக்கு ஐந்து எடுத்திருந்தால் நடு அசைந்திருக்காது, யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனால் எதிரே கார் ஷோரூம். அந்தக் கண்ணாடிச் சுவரைத் தொட எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. பத்தையும் எங்கள் பக்கமே எடுத்தார்கள். சாலையின் நடு ஐந்து மீட்டர் கடையை நோக்கி வந்துவிட்டது. அதுவரை பதினாறு மீட்டரில் விதியை மீறி நின்ற ஷோரூம் இப்போது இருபத்தொன்று, சுத்தமோ சுத்தம். அக்கா கடை பதினைந்து நாற்பது. விதிமீறல், இடிக்க வேண்டும். ஒரு செங்கல் அசையாமலே திருடன் யோக்கியனாகிவிட்டான்.

பழைய கட்டடத்தை அனுமதி தந்த நாளின் நடுக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு இன்று எந்தப் படத்திலும் இல்லை. நான் வேலை பார்ப்பதும் அந்த நகரமைப்பு அலுவலகத்தின் வரைபட அறையில்தான். எங்களுக்கு ஒரு பழக்கம்: புதுக்கோடு வந்தால் பழையதை அழித்துவிடுவோம். இரண்டு கோடு இருந்தால் மேலே இருப்பவர்களுக்குக் குழம்புமாம். இந்தச் சாலையின் கோட்டை அழித்தவன் நான். மதியத்துக்குள் பதினெட்டுப் படம் முடிக்க வேண்டிய அவசரத்தில் எந்தச் சாலை என்றுகூடப் பார்க்கவில்லை.

இடிப்பு நோட்டீஸ் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் வேலைக்கு ஆபத்து. "பாத்துக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

கடைசி ஆய்வுக்கு எங்கள் அலுவலக அதிகாரி காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்தார். அவருடைய ஆள் சாலை நடுவில் இருக்கும் மஞ்சள் கோட்டிலிருந்து கடைச் சுவர்வரை டேப் பிடித்தான்.

"பதினஞ்சு நாப்பது சார்."

அக்கா அனுமதிப் படத்தை விரித்தாள். "இதுல இருபது நாப்பதுன்னு உங்க ஆபீஸ் முத்திரையே இருக்கு சார்."

"அப்ப பொய் சொல்லி அனுமதி வாங்கியிருக்கீங்கம்மா."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கையில் தோல் வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தாள். "பதினோரு வருஷமா இந்தக் கை தச்ச சீட்டுல உக்காந்துதான் பாதி ஊரு லாரி ஓட்டுது. நான் பொய்யா? அந்தக் கண்ணாடிக் கடை உண்மையா?"

"ஆபீஸ் படத்துல இருக்கறது ஒரே நடுக்கோடு. வேற கோடு இருந்தா காட்டுங்க."

அவர் ஆள் சுவரில் இடிப்புக் குறி போடச் சிவப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தான். அக்காவின் பின்னால் நின்றிருந்த நான் முன்னால் வந்தேன்.

"கோடு இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன்."

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"நோட்டீஸ் வந்த அன்னைக்கே."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். டேப்பின் முனையைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். "ஷோரூம் பக்கம் ரோட்டோரம் நகரலல்ல? பழைய ரோடு பன்னெண்டு மீட்டர்னு அனுமதிப் படத்துலயே இருக்கு. அந்த ஓரத்துலேர்ந்து ஆறு மீட்டர் அளந்து, அங்க போய் நில்லு."

போனேன். டேப்பாலேயே ஓரத்திலிருந்து ஆறு மீட்டர் அளந்தேன். அந்த இடம் இப்போது வண்டிகள் சீறிவரும் தடம். டேப்பின் முனையை அங்கே தரையில் அழுத்திக் குந்தினேன். ஹாரன்கள் காதைக் கிழித்தன. டேப்பின் மேல் சக்கரங்கள் ஏறி இறங்கின. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "சாகறதுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று கத்தினார். எழுந்திருக்கவில்லை. ஆறு வாரம் நாற்காலியில் பத்திரமாக இருந்தவன்தானே.

கடைச் சுவரில் டேப்பைப் பிடித்திருந்த அக்காவின் குரல் சாலையைத் தாண்டி வந்தது. "இருபது! நாப்பது! வந்து பாருங்க சார், உங்க கண்ணால பாருங்க!"

அதிகாரி வந்து பார்த்தார். நான் திரும்பி வரும்வரை டேப்பில் இருந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெயின்ட் டப்பாவை மூடச் சொன்னார்.

"எழுதித் தரணும். யார் அழிச்சது, ஏன் அழிச்சதுன்னு. அதுக்கப்புறம் உன் கதை என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

அக்கா தையல் மேசையைத் துடைத்து வெள்ளைத்தாள் வைத்தாள். பேனாவும் அவளே தந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"தேதிய மறக்காம எழுதுடா" என்றாள். "இன்னைக்குத் தேதி மட்டும் இல்ல. உனக்குத் தெரிஞ்ச அன்னைக்குத் தேதியும்."

இரண்டையும் எழுதினேன்.