பாலர் வகுப்பில் ஜெபமணி

வடக்கே கட்கியில் உள்ள சிறிய தமிழ்ச் சபையின் மூப்பரும் செயலாளருமான ஜெபமணிக்கு, பிரசங்க நேரத்தில் ஆட்கள் போன் நோண்டுவது பொறுக்கவில்லை. அவரும் நோண்டுவார். ஆனால் வேதாகம ஆப்தான் பார்க்கிறார் என்று எல்லாரும் நம்பினார்கள். பார்ப்பதோ, வாகட் பகுதியில் விலைக்கு வந்திருக்கும் ஃபிளாட்டுகளை.

"ஒருத்தருக்கும் வேதம் தெரியல. எல்லாருக்கும் பரீட்சை வைப்போம்" என்று கமிட்டியில் எழுந்து நின்றார். "மார்க்குக்கு ஏத்த மாதிரி ஞாயிறு பள்ளி வகுப்பு. மூப்பரானாலும் சரி, சின்னப் பிள்ளையானாலும் சரி."

கமிட்டி தலையாட்டியது. ஜெபமணி ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் போய்ப் பரீட்சை எழுதினார். அவருக்கு எதற்குப் படிப்பு?

அடுத்த வாரம் பாஸ்டர் ஜெபமணியின் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, சகேயு எதுக்கு மரத்துல ஏறினான்னு கேட்டிருந்தோம்லா?"

"ஆமா. எழுதியிருக்கேனே."

"தன்னை எல்லாரும் பாக்கணும்னு ஏறினான்னு எழுதியிருக்கீங்க."

"பின்ன எதுக்கு ஏறினான்?"

"இயேசுவைப் பாக்கதுக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து ஜெபமணியின் மனைவி ஜான்சி குரல் கொடுத்தாள்.

மற்ற பதில்களும் அந்த லட்சணம்தான். கிடைத்த மார்க்குக்குப் பாலர் வகுப்புதான் வரும். "உங்களுக்கு மட்டும் விட்டுரலாம்" என்று பாஸ்டர் மெல்ல இழுத்தார்.

"சட்டம் நான் போட்டது" என்றார் ஜெபமணி. இவ்வளவு பெரிய மனிதர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சபையே மலைத்துப்போகும் என்று அவருக்குள் ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலர் வகுப்பின் கைப்பிடி வைத்த குட்டிச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் தன்னைத் திணித்துக்கொண்டார். டீச்சர் காவ்யா காலேஜில் படிக்கும் பெண். தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"அங்கிள், கம்ஃபர்டபிளா இருக்கீங்கதானே?"

"இருக்கேம்மா."

"நீங்க ஃபெயிலா?" என்று பக்கத்தில் இருந்த குட்டிப் பெண் கேட்டாள்.

முடிவு ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஜெபமணி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். காவ்யா இழுத்துப் பார்த்தாள், பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. நாற்காலியின் முதுகில், 'நன்கொடை: மூப்பர் ஜெபமணி குடும்பத்தார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று அவரே சொல்லி எழுதவைத்தது.

அறுத்துவிடலாம் என்றால் பொருளாளர் ஒப்பவில்லை. "சபைச் சொத்தைச் சேதப்படுத்தணும்னா கமிட்டி தீர்மானம் வேணும். அந்தச் சட்டத்த நீங்கதானே கொண்டு வந்தீங்க?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று எல்லாரும் வரிசையாகப் பீடத்துக்குப் போய் அப்பம் வாங்கும் திருவிருந்து ஆராதனை வேறு. செயலாளர் போகாமல் இருக்க முடியுமா? நாற்காலியோடு நிமிர வழியில்லை. இடுப்பை மடக்கி, தலையைத் தொங்கவிட்டபடி பீடத்தை நோக்கி நடந்தார்.

"என்ன தாழ்மை பாருங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பின்னால் வந்த பெண்மணி தானும் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவரும் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் கோழி பிடிக்கப் போகிறவர்களைப் போல நடந்தது. ஜெபமணிக்கு உள்ளம் குளிர்ந்தது. வலிகூட மறந்துவிட்டது.

அப்போதுதான் அவருடைய போன் பேச ஆரம்பித்தது. பின் பாக்கெட்டில், அவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நசுங்கி, எந்தப் பொத்தான் அழுந்தியதோ, "ஸ்விம்மிங் பூல்! கிளப் ஹவுஸ்! சிர்ஃப் ஆப்கே லியே!" என்று ஃபிளாட் விளம்பரப் பெண் குரல் ஒன்று, எல்லாம் அவருக்கே அவருக்கு என்பதுபோல இந்தியில் கூவியது. அப்பத்தை எடுத்த பாஸ்டரின் கை அப்படியே நின்றது. ஜெபமணி பின்னால் கையை விட்டுத் துழாவினார். எட்டவில்லை. ஒரு சுற்று சுற்றினார், தடுமாறினார், பீடத்துக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார். "மாடுலர் கிச்சன்!" என்றது போன்.

குட்டிப் பெண் ஓடி வந்து, இடுக்கில் சின்னக் கையை நுழைத்து, போனை உருவி அணைத்தாள்.

"அங்கிள், பிரேயர்ல போன் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க கவனிக்கவே இல்ல."

முதலில் சிரித்தது ஜான்சிதான். பிறகு சபை முழுவதும். கடைசியில் ஜெபமணிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு ஏனோ கண் நிறைந்தது.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணுந் தெரியல" என்றார். யார் காதிலாவது விழ வேண்டும் என்று நினைக்காமல் அவர் செய்த ஜெபம், வெகு காலத்துக்குப் பிறகு அதுதான்.

பாஸ்டர் குனிந்து, உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவருக்கு அப்பம் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி முற்றத்தில் நின்றபடியே தீர்மானம் போட்டது. பக்கத்து வெல்டிங் கடை இர்பான் ரம்பத்தோடு வந்தான். "ஸான்ஸ் ரோக்கோ, அங்கிள்" என்று மூச்சை அடக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் அறுத்து அவரை விடுவித்தான்.

அதன் பிறகும் ஜெபமணி பாலர் வகுப்புக்கு வந்தார், பாயில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போது ஃபிளாட் பார்க்கும் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. சில வாரம் மனப்பாட வசனம் பாதியில் நின்றுவிடும். குட்டிப் பெண் காதில் எடுத்துக் கொடுப்பாள். வருடக் கடைசியில் தட்டுத் தடுமாறிப் பாஸாகிவிட்டார்.

"நான் இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கேனே. அதுதான் எனக்குத் தாழ்மை" என்றார் ஜான்சியிடம்.

"அதுவும் பெருமைதான். பேசாம அடுத்த கிளாசுக்குப் போங்க."

போனார். அங்கே அன்று யோனாவின் கதை. பாதியில் நிறுத்தி, "புரியாதவங்க கை தூக்குங்க" என்றார் டீச்சர். ஜெபமணி கை தூக்கினார்.