முதல் கேள்வி

அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறியதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் நேர்காணல் ஒத்திகை நடந்தது. தேர்வுக் குழுத் தலைவர் என் அப்பா. பஸ் ஓட்டிவிட்டு வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"உங்க அப்பா என்னம்மா பண்றார்?"

"பஸ் டிரைவர் சார்."

"நல்லா ஓட்டுவாரா?"

"சுமாரா ஓட்டுவார் சார்."

"இந்தப் பொண்ணுக்கு வேலை கிடையாது!" என்பார் தலைவர். சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்கும்.

போன மாதம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம், "பெரிய ஆபீசராகி அப்பா பேரைக் காப்பாத்தும்மா" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பேருக்கு என்ன வந்தது?

நாளைக்கு நிஜ நேர்காணல். இன்று சாயங்காலம் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் கேள்விகள் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து வரி, சட்டம், வெள்ள நிவாரணம் என்று எல்லாம் கேட்டாள். முதல் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

"அதையும் கேளும்மா. அங்க கண்டிப்பா கேப்பாங்க."

அம்மா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க அப்பா என்ன பண்றார்?"

"பஸ் டிரைவர்" என்று பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. உடனே திருத்தினேன். "பஸ் டிரைவரா இருந்தார்."

"இருக்கார்னே சொல்லேன்டி," என்றாள் அம்மா. "அவங்களுக்கு என்ன தெரியவா போகுது?"