அறிக்கையில் ஏறிய மாடு

“நாங்க ஒண்ணும் கேக்கலீங்க. ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதச் செய்யிங்க,” என்றாள் ராசம்மா. சொல்லும்போது அவள் கண் மாயாண்டியைப் பார்க்கவில்லை. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற சிவப்புப் பசுவைப் பார்த்தது.

ராகலையிலிருந்து மகன் அழகனோடு வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெண் பார்க்க வந்தவள் அவள். மாயாண்டியின் மூத்த மகள் மீனம்மா தேத்தண்ணீரோடு நின்றபடி அந்தப் பார்வையைக் கண்டுகொண்டாள். கன்றாக வந்ததைப் புல் அறுத்துப் போட்டு ஆளாக்கியவள் அவள்தான். பால் விற்றுத்தான் தங்கை பூரணம் படிக்கிறாள். மாடு போனால் பூரணமும் அக்காவைப் போலக் கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

பூரணமோ மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடமாகியும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். கண்ணால் கண்டதை அறிக்கையாகவும், பெரியவர் ஒருவரைக் கேட்டு வரலாறாகவும், நிறுத்தற்குறி பிசகாமல் எழுதிவரச் சொல்லியிருந்தார். மொத்தத்தையும் இந்தப் பெண் பார்க்கும் சடங்கிலேயே முடித்துவிடுவதென்று அந்தக் குட்டிச்சாத்தான் தீர்மானித்திருந்தாள்.

“மாடு நல்லாத்தான் இருக்கு...” என்று இழுத்தாள் ராசம்மா.

“கேள்விக்குறியா, ஆச்சரியக்குறியா அத்த?”

“என்னாடி?”

“நீங்க சொன்னத அப்பிடியே மேற்கோள்குறிக்குள்ள போடணும். நாளைக்கு வகுப்புல வாசிப்பாங்க.”

மாயாண்டி பல்லைக் கடித்தான். ராசம்மாவுக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “ஆச்சரியக்குறியே போடு.”

“ஒங்க கல்யாணம் எப்பிடி நடந்துச்சு அத்த? அது வரலாறுக்கு.”

கேட்டதுதான் தாமதம், அடேயப்பா, மடை திறந்தது! “எங்கப்பன் வளத்த ரெண்டு ஆட்டையும் மாமியாக்காரி அவுத்துக்கிட்டுப் போயிட்டா. ‘நாங்க ஒண்ணும் கேக்கல’ன்னு சொல்லிச் சொல்லியே புடுங்கிட்டா, கட்டையில போறவ! அப்பன் வெறுங்கயித்தப் புடிச்சுக்கிட்டு அழுதாரு.” ராசம்மா மூக்கைச் சிந்தினாள்.

பூரணம் அறிக்கையையும் வரலாற்றையும் சேர்த்து, மூச்சு விடாமல் வாசித்தாள். வாயில் முறுக்கோடு கேட்டுக்கொண்டிருந்த அழகன் குழம்பிப்போனான்.

“அம்மா, இதுல நீ யாரு, அப்பாயி யாரு?”

ராசம்மா முகம் சிவந்து எழுந்தாள். “போன ஆட்ட நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது? மகனப் பெத்தவ கேக்கத்தான் செய்வா! மாடு வந்தாத்தான் வெத்தல பாக்கு!”

மீனம்மா கோப்பைகளைக் கீழே வைத்தாள். “மாடு வராதுங்க. நானும் வரலீங்க.”

அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். மாயாண்டி கத்திய கத்தலில் லயமே வாசலுக்கு வந்தது. மீனம்மாவுக்கு அழுகை முட்டியது. அழுதாள், மாட்டுக்குப் புல்லும் போட்டாள்.

மறுநாள் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது பூரணம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அறிக்கைக்கு நல்ல மதிப்புப் புள்ளிகள். வரலாற்றில்தான் வாத்தியார் குறைத்துவிட்டாராம்.

“வரலாறுன்னா முடிஞ்சுபோன சங்கதியா இருக்கணுமாம்க்கா. இது இன்னும் நடந்துகிட்டுல்ல இருக்குங்கிறாரு.”

மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முடிச்சு வச்சிட்டு எழுதித் தாரோம்னு சொல்லு.”