நாற்பத்தொரு மஞ்சள் வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கஞ்சத்தனத்தில் பிறந்தது. சம்பளம் எங்கேதான் போகிறது என்று பார்க்க, வரவு செலவு எழுதும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றினேன். வங்கிக் கணக்கு விவரத்தை இறக்கி உள்ளே போட்டால் ஒவ்வொரு வரியையும் மஞ்சளாகக் காட்டி, 'இது எந்த வகை?' என்று கேட்கும். ஒரு வருடத்தைப் போட்டேன். நான் எப்போது எங்கே போனேன், யாரிடம் எதை மறைத்தேன், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மறைக்க என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. (மருத்துவர் வேண்டாமென்ற இனிப்புகள், அவ்வளவுதான்.) உண்மையாகவே மறைத்தாக வேண்டிய ஒருத்தி இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால்? எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரம் பேருக்குப் பார்வை கொடுத்தவள் அவள், ஆனால் தன் வாழ்க்கையை மட்டும்'

அடித்துவிட்டேன். அழகாகச் சொல்லும் விஷயமில்லை இது.

இரண்டாவது தொடக்கம்: அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கணவன் கிடங்கு மேற்பார்வையாளன். மாதம் பிறந்ததும் அவன் மடிக்கணினியில் இதே மென்பொருளைத் திறந்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாகக் கேட்பான். "இது என்ன? ரெண்டு தடவை பஸ் ஏறியிருக்க. ஏன் ரெண்டு?" குரல் உயராது. பதில் திருப்தியாக இருக்கும்வரை கேட்பான். சில நாள் அது விடியும்வரை போகும். ஒருமுறை அவள் பதில் சொல்லாமல் எழுந்தாள். அன்றிலிருந்து இடது கைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை.

இதுவே இருக்கட்டும்.

3

இந்தக் கணவனை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. முழுக்கக் கெட்டவனாக எழுதுவது சோம்பேறித்தனம் என்று தோன்றியது. அதனால் ஒரு நல்லதைக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு இரவு கண் விழித்து ஈரத்துணி போட்டான். மறுநாள் காய்ச்சல்மானி வாங்கிய செலவை அவள் பெயரில் எழுதினான்.

(கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. பேனா தானாகப் போனது. அதற்குப் பிறகு அவனைப் பார்த்து எனக்கே பயம்.)

4

ஒன்றரை வருடமாக அவள் கூடுதல் நேரம் வேலை செய்த பணம், காதும் காதும் வைத்தாற்போல் வேறொரு வங்கிக்குப் போயிற்று. கடை முதலாளியம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். ஓர் அறை பார்த்து முன்பணமும் கட்டியாயிற்று. அறையின் சொந்தக்காரர் மூன்று மாதக் கணக்கு விவரத்தைத் தாளில் கேட்டார். அச்சு இயந்திரம் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல், அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, விவரத்தை மடிக்கணினியில் இறக்கினாள்.

வங்கித் தாள் எது இறங்கினாலும் மென்பொருள் தானே எடுத்துக்கொண்டு தன் கைபேசிக்கும் அனுப்பும்படி அவன் செய்துவைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

'புதிய கணக்கு ஒன்று. 41 வரிகள் சேர்க்கப்பட்டன.'

நீக்கு என்பதை அழுத்தினாள். 'நீக்கினால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படும். சம்மதமா?'

கைபேசி அடித்தது.

"புதுசா ஒரு கணக்கு வந்திருக்கே. யாரோடது?"

"தெரியலைங்க. கடையில யாரோ தாளெடுக்கச் சொல்லி அனுப்பினாங்க. தப்பா இறங்கிருச்சு போல."

"உன் பேரு போட்டிருக்கு."

அவள் கை மடிக்கணினியை மூடப் போனது.

"சரி, நான் கிளம்பிட்டேன். வந்து சேர்ந்து பாக்கலாம். எதையும் தொடாத, என்ன?"

கிடங்கிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம்.

5

இங்கே மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். முடிவுகளைப் போட்டுப் பார்த்தேன்.

அவன் வருகிறான், அவள் அழுகிறாள், அவன் மனம் மாறுகிறான். 'அவன் கண்களில் முதன்முறையாக ஈரம்' என்பதோடு நிறுத்திவிட்டேன். யாரை ஏமாற்றுகிறேன்?

அவன் வருகிறான், கதவைத் தாழிடுகிறான். இதை நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை.

அப்படியானால் அவன் வருவதற்கு முன்பே எல்லாம் நடந்தாக வேண்டும்.

6

"அக்கா, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"அப்புறம் என்னடி பேச்சு? சான்றிதழ எடு, ரெண்டு துணிய எடு, நேரா அந்த ரூமுக்குப் போ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். முப்பத்தெட்டாவது வரி: முன்பணம். சொந்தக்காரர் பெயர், கட்டடத்தின் பெயர், மாடி எண். அதே வரி இந்நேரம் அவன் கைபேசியிலும் மஞ்சளாக நிற்கும்.

"அக்கா, ரூமும் தெரிஞ்சுபோச்சு."

"என் வீட்டுக்கு வந்துரு" என்றாள் அக்கா.

"அங்கதானே முதல்ல வருவாரு. நீ கதவப் பூட்டிக்க. பிள்ளைங்கள வெளிய விடாத. நான் எங்க போறேன்னு உனக்கும் சொல்லலக்கா. கேட்டா உனக்குத் தெரியாதுன்னு இருக்கணும்."

ஒன்றரை வருடச் சேமிப்பில் பாதி அந்த முன்பணத்தில் போயிற்று. கைபேசியை அணைத்து மேசைமேல் வைத்தாள். மூன்று மாடியும் இறங்கித் தெருமுனையில் வந்த முதல் பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் குனிந்து உட்கார்ந்தாள். எதிரே அவன் வண்டி வந்தது. நிதானமாக, சைகை விளக்குப் போட்டு அவர்கள் தெருவுக்குள் திரும்பியது.

7

முதல் வரைவில் பேருந்தின் எண் இருந்தது. அவள் இறங்கிய நிறுத்தமும், அங்கே அவளுக்குக் கதவைத் திறந்த பெண் சொன்ன முதல் வார்த்தையும் இருந்தன. இன்று காலை மூன்றையும் அடித்தேன். மேலே இன்னொரு கோடு போட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

அவனும் கதை படிக்கிறவனாக இருக்கலாம். வரி வரியாகப் படிக்கிறவன்.

அவள் எங்கே இறங்கியிருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதுவே முடிவாக இருக்கட்டும். எனக்குக்கூட எழுதி அனுப்பாதீர்கள். யாராவது வந்து மெதுவான குரலில், மரியாதையாகக் கேட்டால், கதை ஆறாவது பகுதியோடு முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.